குளிக்கிற கொம்பிரசர்ல பிரஷர் வால்வ் இறுகினா எங்க இருந்து பாக்க வேணும்

அழுத்தம் அளவுக்கு மிஞ்சினாக் காத்தை வெளிய விடுற சேப்டி வால்வ் சீறத் தொடங்கினா எல்லாரும் முதல் கை வைக்கிறது அந்தச் சேப்டி வால்வில தான். சத்தம் அங்க இருந்து வருது, அதால பழுதும் அங்கதான் எண்டு நினைச்சு ஸ்பானரை எடுத்து ஒரு சுத்து இறுக்கப் போயிடுவினம். நான் வள்ளத்துக்குப் பூட்டுற அவுட்போட் இஞ்சின் திருத்திற ஆள், யாழ்ப்பாணத்தில குருநகர்ப் பக்கம் சங்குக்கும் கடலட்டைக்கும் குளிக்க, அதாவது கடலுக்கடியில இறங்கிப் பொறுக்கப் போற பெடியளின்ர காத்துச் சிலின்டரை நிரப்பிற கொம்பிரசரும் இப்ப கன காலமா என்னட்டத்தான் வருது, அதில நான் திரும்பத் திரும்பப் பாக்கிற விசயம் இது. சீறுற வால்வ் அனேகமா நல்லாத்தான் இருக்கும். அசையாம இறுகிக் கிடக்கிறது வேற ஒரு வால்வ். அதைப் பற்றி வடிவா எழுதிப் போடுவம் எண்டுதான் இது, ஏனெண்டா இந்த மெசின்ல இருந்து வாற காத்தைத்தான் எங்கட பிள்ளையள் கடலுக்கு அடியில மூச்செடுக்குதுகள், என்ட மச்சானும் அதில ஒருத்தன்.

முதல் மெசினைப் பற்றிக் கொஞ்சம். இஞ்ச இருக்கிறது அனேகமா ரெண்டு பேர் சேர்ந்து தூக்கக்கூடிய சின்ன மெசின், பெற்றோல் இஞ்சின் பூட்டினது, நாலைஞ்சு பேர் காசு சேர்த்துப் பாவிச்சதா வாங்கிறது. மூண்டு ஸ்டேஜ், நிமிசத்துக்கு 100 லீட்டர் காத்து. முதல் ஸ்டேஜ் வெளிக்காத்தை இழுத்து ஏழு பார் மட்டில அமத்தும் (பார் எண்டது அழுத்தத்தின்ர அலகு, வெளிக்காத்தின்ர அழுத்தம் ஒரு பார் மட்டில), ரெண்டாவது அதை வாங்கி 40, 50 பாருக்குக் கொண்டு போகும், மூண்டாவது 200க்கு மேல ஏத்தும். ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் இடையில வளைஞ்சு வளைஞ்சு போற பைப் இருக்கே, அது சூட்டை ஆத்திறதுக்கு. ஆறேக்க காத்தில இருக்கிற ஈரம் தண்ணியாகும், அதைப் பிரிச்சு வைக்கிறதுக்கு ஒரு செப்பரேட்டர், அதுக்குக் கீழ அந்தத் தண்ணியைத் திறந்து விட ட்ரெயின் வால்வ். கடைசியா பில்டர் ரவர், காத்தைச் சுத்தமாக்கிற குழாய், அதுக்குள்ள ஈரத்தை உறிஞ்ச மொலிக்கியூலர் சீவ், எண்ணெய் மணத்தைப் பிடிக்க அக்டிவேற்றட் கார்பன், பெற்றோல் மெசின் எண்டபடியால் புகையில வாற நச்சு வாயு கார்பன் மொனொக்சைட்டைப் பிடிக்க ஹொப்கலைற்றும் இருக்கும்.

ரவரைத் தாண்டி, சிலின்டருக்குப் போற ஹோஸ் தொடங்க முதல், பித்தளையில ஒரு கட்டையான வால்வ் இருக்கும். பிரஷர் மெயின்டெய்னிங் வால்வ், எங்கட ஆக்கள் சும்மா பிரஷர் வால்வ் எண்டுதான் சொல்றது. உள்ள ஒரு சின்னப் பிஸ்டன், அதை அமத்தி ஒரு ஸ்பிரிங், ஓ-ரிங் எண்ட ரப்பர் வளையம், மூடேக்க வந்து அமருறதுக்கு ஒரு நைலோன் சீற், அவ்வளவுதான். ரவருக்குள்ள அழுத்தம் ஒரு அளவுக்கு, மெசினைப் பொறுத்து 130 இல இருந்து 150 பார் மட்டில, ஏறும் வரைக்கும் அது காத்தை வெளிய விடாது. ஏறினாப் பிறகுதான் திறக்கும். அதோட சேர்ந்த மாதிரி ஒரு நொன் ரிட்டேர்ன் வால்வும் இருக்கும், சிலின்டருக்குள்ள போன காத்து திரும்பி மெசினுக்கு வராம இருக்க.

இந்த வால்வ் ரெண்டு விதமா இறுகும். மூடினபடி இறுகினா உடன தெரியும், சத்தம் போட்டு மெசினே காட்டிக் குடுக்கும். திறந்தபடி இறுகினா ஒண்டும் தெரியாது, சிலின்டர் வழமை போல நிரம்பும், இன்னும் சொல்லப்போனா அழுத்தம் காட்டுற கேஜ் கெதியா ஏறுற மாதிரிக் கூட இருக்கும். எனக்குப் பயம் ரெண்டாவதில தான், ஏனெண்டு பிறகு சொல்றன்.

வாடைக்காத்து முடிஞ்சு மழையும் விட்டு, பெடியள் திரும்பக் கடலுக்கு இறங்க வெளிக்கிட்ட நேரம். மெசின் மழைக்காலம் முழுக்க கரையில ஒரு வாடிக் கொட்டிலுக்குள்ள மூடிக் கிடந்தது. ஸ்டார்ட் பண்ணினா ரெண்டு நிமிசம் போகேல்ல, சேப்டி வால்வ் சீறுது, நிப்பாட்டித் திரும்ப ஸ்டார்ட் பண்ணினா திரும்பவும் அதே கதை. மெசினைப் பாக்கிற பெடியன் கோல் எடுத்து "அண்ணை, சேப்டி வால்வ் பழுதாப் போச்சு, கொஞ்சம் இறுக்கி விடட்டே?" எண்டு கேட்டான். "தம்பி, அதில கை வைக்காத, இஞ்சினை நிப்பாட்டிப் போட்டுத் தள்ளி நில், நான் வாறன்" எண்டன். கேட்டுப் போட்டுச் செய்யலாம் எண்டு அவன் நிண்டது பெரிய புண்ணியம்.

போய்ப் பாத்தா அந்த மெசின்ல ரெண்டு கேஜ். ஒண்டு ரவரில, ஒண்டு நிரப்பிற ஹோஸில. வெறும் சிலின்டர் ஒண்டு பூட்டிக் கிடக்கு. நான் பக்கத்தில நிக்க ஒருக்கா ஓட விட்டுப் பாத்தம், ரவர்க் கேஜ் விறுவிறெண்டு ஏறுது, 100, 150, 200, ஹோஸ் கேஜ் முள்ளு சைபரை விட்டு அசையேல்ல. 200 தாண்டினதும் நானே இஞ்சினை நிப்பாட்டினன், திரும்ப அதைச் சீற விடத் தேவையில்லை, எனக்கு வேண்டியது கிடைச்சிட்டுது.

இதில ஒரு சின்னக் கணக்கு இருக்கு, மெக்கானிக் இல்லாத ஆளும் போடலாம். 12 லீட்டர்ச் சிலின்டரை 200 பாருக்கு நிரப்ப 2400 லீட்டர்க் காத்து வேணும். மெசின் நிமிசத்துக்கு 100 லீட்டர் தான் தரும், அப்ப 24 நிமிசம். ரெண்டு நிமிசத்தில 200 லீட்டர் காத்துத்தான் உள்ள வந்திருக்கும். அந்தக் கொஞ்சக் காத்தில அழுத்தம் 200 பாரைத் தாண்டுது எண்டா காத்து சிலின்டருக்குப் போகேல்ல, ஒரு லீட்டர் மட்டில கொள்ளளவு இருக்கிற ரவருக்குள்ளயே அடைஞ்சு நிக்குது. வாசல் பூட்டிக் கிடக்கு. சேப்டி வால்வ் தன்ர வேலையைச் சரியாச் செய்திருக்கு, அது சீறியிருக்காட்டி பைப்போ ரவரோ தான் வெடிச்சிருக்கும். அதை இறுக்கினா என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. சேப்டி வால்வுக்கு ஈயத்தில சீல் அடிச்சு விடுறது அலங்காரத்துக்கு இல்லை, அந்தச் சீல் உடைஞ்சிருந்தா நான் அந்த வால்வையே மாத்தச் சொல்லித்தான் சொல்லுவன்.

சரி, இனித்தான் ஆபத்தான பகுதி. இதை மட்டும் தயவு செய்து ஆறுதலா வாசியுங்கோ.

ஹோஸ் கேஜ் சைபர் காட்டுது எண்டு போட்டு பிரஷர் வால்வையோ ரவர் மூடியையோ கழட்டப் போகக் கூடாது. அந்தக் கேஜ் வால்வுக்கு அங்கால இருக்கு, அழுத்தம் வால்வுக்கு இஞ்சால நிக்குது. நல்ல மெசின்லயே வேலை முடிச்சு ஹோஸில இருக்கிற காத்தை விட்டாப் பிறகும் ரவருக்குள்ள நூறுக்கு மேல நிக்கும், அந்த வால்வின்ர வேலையே அதைப் பிடிச்சு வைக்கிறது தான். மூடி இறுகின மெசின்ல 200க்கு மேல நிக்கும். 200 பார் எண்டா ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 200 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. 4 சென்ரிமீற்றர் அகலமான ஒரு வட்ட மூடியில அது இரண்டரைத் தொன் வரும். அந்த மூடி கழண்டா முகத்துக்கு நேர தான் வரும்.

அதால முதல் வேலை இஞ்சினை நிப்பாட்டி ஸ்பார்க் பிளக் வயரைக் கழட்டி விடுறது. ரெண்டாவது செப்பரேட்டர், ரவர் எண்டு இருக்கிற எல்லா ட்ரெயின் வால்வையும் ஆறுதலா, கொஞ்சம் கொஞ்சமாத் திறக்கிறது. சீறல் முழுக்க அடங்க வேணும். அடங்கினாப் பிறகும் ட்ரெயினை மூட வேண்டாம், திறந்தபடியே விடுங்கோ. ரவர்க் கேஜையும் பாருங்கோ, ஆனா கேஜை மட்டும் நம்பாதேங்கோ, உப்புக் காத்தில முள்ளு இறுகி நிக்கிற கேஜ் எத்தினையோ கண்டிருக்கிறன். கடைசிச் சோதனை கையிலதான் இருக்கு, ரவர் மூடி கையால திருப்பினாக் கழலுற மாதிரித்தான் செய்திருப்பினம், அது கையால அசையாட்டி உள்ள அழுத்தம் நிக்குது எண்டு எடுக்க வேணும். நீளமான பைப்பை ஸ்பானரில செருகிப் பலம் போட்டுத் திருப்பிற ஆக்கள் இருக்கினம், அது வேண்டாம். ட்ரெயினும் அடைச்சுக் கிடந்து ஒரு துளி காத்தும் வரேல்ல எண்டா அந்த மெசினை அப்பிடியே விட்டுப் போட்டு, இந்த வேலை தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்கோ.

எங்கட மெசின்ல ட்ரெயின் திறந்திச்சுது. முதல் காத்து, பேந்து பால் மாதிரி வெள்ளையா ஒரு தண்ணி, எண்ணெயும் தண்ணியும் அடிபட்டுக் கலந்தது, ஒரு சின்னப் போத்தல் நிறைய. அதைப் பாத்த உடனயே வால்வ் ஏன் இறுகினது எண்ட கதை பாதி விளங்கிப் போச்சு.

வால்வைக் கழட்ட முதல் ஒரு வேலை செய்யுங்கோ. மேல இருக்கிற அட்ஜஸ்ற் ஸ்குறூ எவ்வளவு வெளிய நிக்குது எண்டு வேர்னியரால அளந்து எழுதி வையுங்கோ, போனில ஒரு படமும் எடுங்கோ. திரும்பப் பூட்டேக்க அதே இடத்துக்குக் கொண்டு வந்தா அரைவாசி வேலை மிச்சம். பேந்து லொக் நட்டைத் தளர்த்தி, ஸ்குறூவைக் கழட்டி, ஸ்பிரிங்கை எடுத்தன். பிஸ்டன் வரேல்ல. துளை வாயில பிஸ்டனைச் சுத்தி ஒரு பச்சை வளையம், பித்தளையில ஊறுற களிம்பு, அதுக்கு மேல வெள்ளையா உப்புப் பொடி மாதிரிப் படிஞ்சு கிடக்கு. நகத்தால சுரண்டினா உதிருது, ஆனா உள்ளுக்கு அது சீமெந்து மாதிரி இறுகிப் போச்சு. கொறடு போட்டு இழுத்தா பிஸ்டன்ல கீறு விழும், கீறு விழுந்தா அந்த வால்வ் இனி எறியத்தான். அதால வினாகிரியையும் தண்ணியையும் பாதிக்குப் பாதி கலந்து அதுக்குள்ள கொஞ்ச நேரம் போட்டு, எடுத்து ஒரு மரக் குச்சியால கீழ இருந்து மெல்லத் தட்ட, மெதுவா வெளிய வந்திச்சுது. ஓ-ரிங் வீங்கி, ஒரு பக்கம் தட்டையாகி, விளிம்பு கடிச்சுப் பிடுங்கின மாதிரிக் கிடந்தது.

நான் அந்தப் பெடியனைக் கேட்டன், "மழைக்கு முதல் இது எப்பிடி வேலை செய்தது, ஸ்டார்ட் பண்ணின உடன ஹோஸ் கேஜ் ஏறினதே, இல்லாட்டிக் கொஞ்ச நேரம் நிண்டு ஏறினதே?" "உடனயே ஏறும் அண்ணை, நல்ல மெசின் எண்டுதான் முந்தி வைச்சிருந்த ஆக்களும் சொன்னவை" எண்டான்.

அந்த ஒரு பதில் தான் முழு விசயமும். நல்லா இருக்கிற மெசின்ல ஹோஸ் கேஜ் உடன ஏறக் கூடாது. முதல் ரவர் 130, 140 வரைக்கும் நிரம்ப வேணும், அதுக்கு நிமிசம் ஒண்டு மட்டில எடுக்கும், அது வரைக்கும் ஹோஸ் முள்ளு சைபரில சும்மா நிக்கும், பேந்துதான் அசையத் தொடங்கும். உடன ஏறுது எண்டா வால்வ் திறந்தபடி இறுகிக் கிடந்திருக்கு. மழைக்காலம் முழுக்க ஓடாமக் கிடக்கேக்க களிம்பு கூடி, மூடின பக்கம் போய் இறுகியிருக்கு. அப்ப இந்த வால்வ் மழைக்குப் பிறகு பழுதானது இல்லை. அதுக்கு முதல் எவ்வளவோ காலம் பழுதாத்தான் ஓடினது, ஒருத்தரும் காணேல்ல.

இதில என்ன பெரிய நட்டம் எண்டு பெடியள் கேட்டினம். சிலின்டர் நிரம்பினது தானே எண்டு. அதுக்குத் தண்ணிக் கணக்கைப் பாக்க வேணும்.

ஈரம் நிறைஞ்ச காத்து ஒரு கன மீற்றரில 20 பாகைச் சூட்டில 17 கிராம் தண்ணி இருக்கும், 30 பாகையில 30 கிராம், 40 பாகையில 51 கிராம். யாழ்ப்பாணக் கரையில 30 பாகை வெக்கையும் 80 வீத ஈரமும் எண்டு எடுத்தா ஒரு கன மீற்றருக்கு 24 கிராம். ஒரு சிலின்டருக்கு 2400 லீட்டர், அதாவது 2.4 கன மீற்றர் காத்து, அப்ப ஒரு சிலின்டர் நிரப்ப மெசின் கிட்டத்தட்ட 58 கிராம் தண்ணியையும் சேர்த்து விழுங்குது. மணித்தியாலத்துக்கு 144 கிராம். இதில அனேகமானது செப்பரேட்டரில பிரிய வேணும், மிச்சத்தைத் தான் பில்டர் குடிக்க வேணும்.

அமத்தின காத்துக்கு எவ்வளவு தண்ணியை ஆவியாத் தாங்க ஏலும் எண்டது அது பிடிச்சிருக்கிற இடத்தையும் சூட்டையும் பொறுத்தது, எவ்வளவு காத்தை அதுக்குள்ள அடைச்சிருக்கிறம் எண்டதைப் பொறுத்து இல்லை. அதால அழுத்தம் கூடக் கூடத் தண்ணி பிரிஞ்சு விழும். 30 பாகையில 150 பாரில அமத்தினா, ஒவ்வொரு கன மீற்றர் வெளிக்காத்துக்கும் 0.2 கிராம் தான் ஆவியா மிஞ்சும். 50 பாரில எண்டா 0.6 கிராம், மூண்டு மடங்கு. சிலின்டர் வெறுமையா இருக்கேக்க, பிரஷர் வால்வ் திறந்து கிடந்தா, ரவரும் அந்தச் சிலின்டரும் ஒரே அழுத்தத்தில தான் ஏறும், 10, 20, 50 எண்டு, அந்த நேரம் முழுக்க ஈரக் காத்து பில்டரைப் போட்டு அடிக்கும். பிரஷர் வால்வ் இருக்கிறதே இதுக்குத்தான், சிலின்டரில என்ன இருந்தாலும் பில்டருக்குள்ள எப்பவும் கூடின அழுத்தத்தை வைச்சிருக்க.

பில்டர் ஈரமானா என்ன? மொலிக்கியூலர் சீவ் நிரம்பிப் போகும், அதுக்கு அங்கால இருக்கிற ஹொப்கலைற் நனையும். ஹொப்கலைற் நனைஞ்சா செத்துப் போகும், கார்பன் மொனொக்சைட்டைப் பிடிக்காது. எங்கட மெசின் பெற்றோல் மெசின், அதின்ர புகைக்குழாய் இருக்கிறது காத்து இழுக்கிற வாயில இருந்து கொஞ்சத் தூரத்தில தான். மூச்சுக் காத்துக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 12021 கார்பன் மொனொக்சைட் 5 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில 5 பங்கு, தாண்டக் கூடாது எண்டு சொல்லுது, ஏனெண்டா மணமும் இல்லை, நிறமும் இல்லை, 10 மீற்றர் ஆழத்தில அதின்ர தாக்கம் ரெண்டு மடங்கு, 30 மீற்றரில நாலு மடங்கு. கரையில மெசினுக்குப் பக்கத்தில இருக்கிறவனுக்கு ஒண்டும் செய்யாத அளவு, அடியில அட்டை பொறுக்கிறவனுக்குத் தலையைச் சுத்தப் பண்ணும். ஒரு சின்ன ஓ-ரிங்ல தொடங்கி இது எங்க போய் நிக்குது எண்டு பாருங்கோ. அதால தான் திறந்தபடி இறுகிற வால்வுக்கு நான் கூடப் பயப்பிடுறன்.

பில்டரைப் பற்றி இன்னொண்டு. ரவருக்குள்ள போடுற பில்டர்க் காட்ரிட்ஜ் இத்தினை மணித்தியாலம் எண்டு புத்தகத்தில போட்டிருப்பினம், அந்தக் கணக்கு அனேகமா 20 பாகைக்குப் போட்டது. மேல சொன்ன மாதிரி 40 பாகையில தண்ணி மூண்டு மடங்கு. சித்திரை வெயிலில தகரக் கொட்டிலுக்குள்ள ஓடுற மெசினுக்கு அந்தப் புத்தக மணித்தியாலம் பொருந்தாது, கனக்கக் குறைக்க வேணும். 2022 இல பெற்றோலுக்கும் மண்ணெண்ணைக்கும் வரிசையில நிண்ட காலத்தில வெளியால இருந்து சாமான் வாறது கஷ்டமாப் போய், ஒரே காட்ரிட்ஜை வைச்சு இழுத்த பழக்கம் சிலரிட்ட இன்னும் போகேல்ல. அதை விட வேணும். காட்ரிட்ஜ் கிடைக்கும் வரைக்கும் மெசின் நிக்கட்டும்.

துப்பரவாக்கினதைச் சொல்றன். பாத்திரம் கழுவிற சோப்பும் சுடுதண்ணியும் நைலோன் பிரஷும் போதும். மண்தாள் போடவே கூடாது, சீற்றிலயும் பிஸ்டன்லயும் ஒரு கீறும் விழக் கூடாது. பெற்றோல், தின்னர், துரு கழட்டிற ஸ்பிறே ஒண்டும் வேண்டாம், அந்த மணம் எல்லாம் பிறகு மூச்சுக் காத்துக்குள்ள தான் வரும். கடைசியா அலசிறதுக்கு எங்கட கிணத்துத் தண்ணியைப் பாவிக்க வேண்டாம், குருநகர், நாவாந்துறைப் பக்கக் கிணறு உவர் எண்டு எல்லாருக்கும் தெரியும், உப்பைக் கழுவ உப்புத்தண்ணி விட்ட கதையாப் போகும். பற்றரிக்கு விடுற தண்ணிப் போத்தல் ஒண்டு வாங்கினாப் போதும். பேந்து சுத்தமான துணியில வைச்சு வடிவாக் காயவிட வேணும்.

ஓ-ரிங் தான் இஞ்ச எல்லாருக்கும் தலையிடி. யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிக் கடையளில அளவைக் குடுத்தா அதே அளவில ஒரு கறுத்த ரிங் எடுத்துத் தருவினம், பாக்க ஒண்டு மாதிரித்தான் இருக்கும், ஆனா தண்ணிப் பம்புக்குப் போடுற ரிங் மெதுவானது, 70 ஷோர் மட்டில. இந்த அழுத்தத்துக்கு 90 ஷோர் கடினம் உள்ளது வேணும், சூடும் தாங்க வேணும் எண்டபடியால் வைற்றன் ரப்பர் நல்லது. மெதுவான ரிங்கைப் போட்டா 200 பாரில அது இடைவெளிக்குள்ள பிதுங்கிப் போய் அறுபடும், அந்தப் பழைய ரிங்கின்ர விளிம்பு கடிச்ச மாதிரி இருந்ததும் இதாலதான், முந்தி ஆரோ கிடைச்சதைப் போட்டிருக்கினம். நான் கொழும்பில இருந்து மெசினுக்குரிய கிற் வரும் வரைக்கும் பூட்டேல்ல. பெடியளுக்குத் தொழில் போகுது எண்டு கவலை, எனக்கும் அது தெரியும், ஆனா இதில அவசரப்பட ஏலாது. கிற் வந்த பிறகு ரிங்குக்குச் சிலிக்கோன் கிறீஸ் விரல் நுனியில கொஞ்சம், மினுங்கிற அளவுக்கு மட்டும் பூசிப் பூட்டினன். வண்டிக்குப் போடுற கிறீஸைப் போடாதேங்கோ. கொம்பிரசர் ஒயிலும் அப்பிடித்தான், மூச்சுக் காத்து மெசினுக்கெண்டு இருக்கிற ஒயில் மட்டும், மோட்டச்சைக்கிள் ஒயில் இல்லை.

பூட்டி முடிச்சு, புதுக் காட்ரிட்ஜ் போட்டு, ஸ்குறூவை அளந்து வைச்ச இடத்துக்குக் கொண்டு வந்து, வெறும் சிலின்டரைக் கட்டி ஓட விட்டம். ரவர்க் கேஜ் ஏறுது, ஹோஸ் கேஜ் சைபர். ரவர் 140க்கு வந்த உடன நிண்டிட்டுது, மெல்லிசா ஒரு "ஸ்ஸ்" சத்தம், ஹோஸ் முள்ளு அசையத் தொடங்கிச்சுது. அதுக்குப் பிறகு ரவர் 140 இலயே நிக்க, ஹோஸ் மட்டும் 20, 60, 100 எண்டு வந்து, 140 இல ரெண்டும் ஒண்டாச் சேர்ந்து, அங்கால ரெண்டும் சோடியா ஏறிச்சுது. இதுதான் நீங்கள் பாக்க வேண்டியது. மூட்டுகளில சோப்புத் தண்ணி தடவிக் கசிவு பாத்தம், கையால தடவிப் பாக்கக் கூடாது, இந்த அழுத்தத்தில ஊசி ஓட்டையால வாற காத்துத் தோலுக்குள்ள போகும். நிப்பாட்டினாப் பிறகு ட்ரெயினைத் திறக்க ரவர்க் கேஜ் இறங்க வேணும், சிலின்டர் பூட்டின ஹோஸ் கேஜ் இறங்கக் கூடாது. அதுவும் சேர்ந்து இறங்கினா நொன் ரிட்டேர்ன் வால்வ் ஒழுகுது.

ஹோஸில ஒரு கேஜ் மட்டும் இருக்கிற மெசின் வைச்சிருக்கிற ஆக்கள் மணிக்கூட்டைப் பாவியுங்கோ. ரவர் முழுக்க வெறுமையா இருக்கேக்க ஸ்டார்ட் பண்ணி, முள்ளு அசைய எவ்வளவு நேரம் எடுக்குது எண்டு வால்வ் நல்லா இருக்கேக்கயே பாத்து மெசின்ர உடம்பிலயே எழுதி வையுங்கோ. அந்த நேரம் குறையத் தொடங்கினா வால்வ் தளருது.

சேப்டி வால்வ் பற்றி இன்னொரு விசயத்தையும் சொல்லிப் போட்டு விடுறன், ஏனெண்டா இதிலயும் பிழையான சாமானைத் தான் மாத்துவினம். முதல் ஸ்டேஜுக்கும் ரெண்டாவது ஸ்டேஜுக்கும் தனித்தனியாச் சின்னச் சேப்டி வால்வ் இருக்கும். முதல் ஸ்டேஜ்ச் சேப்டி சீறினா அனேகமாப் பழுது ரெண்டாவது ஸ்டேஜின்ர உறிஞ்சிற வால்வில, அது ஒழுகிக் காத்தைத் திருப்பி அனுப்புது. ரெண்டாவது சீறினா மூண்டாவதைப் பாருங்கோ. சீறிற இடத்துக்கு அடுத்த இடத்தில தேடுங்கோ, இது எனக்கு ஒரு பழைய மெக்கானிக் அண்ணை சொல்லித் தந்தது, இது வரைக்கும் பிழைச்சதில்லை.

ட்ரெயின் திறக்கிற பழக்கம் இல்லாட்டி இவ்வளவும் திரும்ப வரும். 15 நிமிசத்துக்கு ஒருக்காத் திறக்க வேணும், மேல சொன்ன கணக்கில அதுக்குள்ள 36 கிராம் தண்ணி சேர்ந்திடும், எங்கட வெக்கைக்கு 10 நிமிசம் எண்டு வைச்சா இன்னும் நல்லம். ட்ரெயினை ஒரு போத்தலுக்குள்ள விடுங்கோ, அந்த எண்ணெய்த் தண்ணியைக் கடலுக்க ஊத்தாதேங்கோ. காத்து இழுக்கிற ஹோஸை ஒரு தடியில கட்டி உயரத்தில, காத்து வாற பக்கமா வைக்க வேணும், புகைக்குழாய் மற்றப் பக்கம். வாடைக்குச் சரியா வைச்ச மெசின் சோளகத்துக்குப் பிழையாகும், காத்து எங்கட கரையில அந்தளவுக்கு மாறும், அதால ஒவ்வொரு நாளும் பாத்து வைக்க வேணும். வேலை முடிஞ்சு மூடி வைக்கேக்க ட்ரெயினெல்லாம் திறந்து தண்ணியை விட்டுப் போட்டு, ரவருக்குள்ள கொஞ்ச அழுத்தத்தை விட்டு வைக்கிறது நல்லம், வெளி ஈரம் உள்ள போகாது. மழைக்காலத்திலயும் இடைக்கிடை எடுத்து ஓட விடுங்கோ.

மெசின் சரி. சிலின்டர்? அந்த ஈரக் காத்து அடிச்ச சிலின்டரெல்லாம் பெடியளிட்டத் தான் கிடக்கு. ஒண்டொண்டாத் தலைகீழா ராத்திரி முழுக்க நிப்பாட்டி, காலமை வால்வை ஒரு நூல் அளவு திறந்து பாத்தம். சிலதில வெள்ளைப் புகார் மாதிரி வந்திச்சுது, ஒரு இரும்புச் சிலின்டரில செம்மண் நிறத்தில தண்ணி சொட்டிச்சுது. அதை அந்த இடத்திலயே காத்தை முழுக்க விட்டு ஒதுக்கி வைச்சாச்சு. இரும்புக்குள்ள துருப் பிடிக்கேக்க உள்ள இருக்கிற ஒட்சிசனைத் தான் அது தின்னுது, கன காலம் நிரப்பி வைச்ச சிலின்டரில மூச்செடுக்கிறவனுக்கு ஒட்சிசன் காணாமப் போகலாம். அலுமினியம் எண்டாலும் உள்ள வெள்ளைப் பொடி கட்டும். புகார் வந்தது, தண்ணி வந்தது எல்லாத்தையும் வால்வைக் கழட்டி லைற் அடிச்சு உள்ளுக்குப் பாத்து, கழுவிக் காயவிட்டு, தேவையெண்டா அழுத்தச் சோதனைக்கும் அனுப்பித்தான் திரும்பப் பாவிக்கிறது எண்டு எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்திருக்கினம். மற்ற மெசின்களில நிரப்பிற ஆக்களும், முக்கியமா பாவிச்ச மெசின் வாங்கி "உடனயே ஏறுது" எண்டு சந்தோசப்படுற ஆக்கள், இந்தக் கிழமைக்குள்ள ரவரை வெறுமையாக்கிப் போட்டு மணிக்கூட்டை வைச்சு ஒருக்காப் பாருங்கோ. ஹோஸ் முள்ளு உடன எழும்பினா நிரப்பிறதை நிப்பாட்டிப் போட்டுச் சிலின்டரையும் சேர்த்துக் கொண்டு வாங்கோ, ஒண்டாப் பாப்பம்.